கையெழுத்துப் போடாதவனின் மடல்

தென் கலிபோர்னியப் பாலைவனத்தில் ஜீப்பும் குவாடும் சைட்-பை-சைடும் என்று மணல் வண்டிகள் ஓட்டும் நம் தமிழ்க் குழு நண்பர்களுக்கு,

வணக்கம்.

பாலைவனத்தில் ஒரு பகுதிக்குப் புதிய வண்டித்தடத் திட்டம் வருகிறது, கருத்துச் சொல்லக் கெடு நெருங்குகிறது என்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கடிதத்தைப் போட்டிருந்தீர்கள். "எங்கள் நிலத்தைப் பூட்டாதீர்கள், வில்டர்னஸ் வேண்டாம்" என்று தொடங்குகிற கடிதம். வில்டர்னஸ் என்றால் வண்டி நுழையாதபடி சட்டம் காக்கும் இயற்கை நிலம். பெயரையும் ஊரையும் தட்டினால் போதும், அமெரிக்க அரசின் நில மேலாண்மைப் பணியகமான பி.எல்.எம்.முக்கு அது தானே போய்ச் சேர்ந்துவிடும். குழுவில் முக்கால்வாசிப் பேர் தட்டியாயிற்று. நான் தட்டவில்லை. "என்னப்பா, கட்சி மாறிட்டியா?" என்று தனியாகக் கேட்டவர்கள் மூன்று பேர். கேட்காமல் மனசுக்குள் வைத்துக்கொண்டவர்கள் எத்தனை பேரோ. ஆளாளுக்குப் பதில் தட்டி மாளாது என்பதால் எல்லோருக்கும் பொதுவாக இந்த மடல்.

கட்சியெல்லாம் மாறவில்லை. கிளாமிஸ் மணல்மேட்டின் விளிம்பில் இறங்கி, டயர் காற்றைப் பாதிக்கும் கீழே இறக்கிவிட்டு, எட்டடி உயரத்தில் கொடி ஆட, முதல் மேட்டின் முதுகில் ஏறும்போது வயிற்றில் ஒரு பந்து உருளுமே, அதற்காக வாரம் முழுக்க லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருப்பவன் நான். தேங்ஸ்கிவிங் ராத்திரியில் ஆஸ்போர்ன் மேட்டில் நின்று பார்த்தால் கீழே ஒரு ஊரே முளைத்திருக்கும். ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடுகிற திருவிழா அது. நம் கூடாரத்து மட்டன் குழம்பு வாசத்துக்கு அரிசோனாக்காரர்கள் தட்டோடு வந்து நின்றதை மறக்க முடியுமா? அந்த இடம் எனக்கும் வேண்டும். அதனால்தான் இந்தக் கடிதம் என்னைச் சங்கடப்படுத்துகிறது.

அந்த மணலை நீங்கள் எல்லோரும் ஒரு பக்கமிருந்துதான் பார்த்திருக்கிறீர்கள். கிளாமிஸ் என்று நாம் சொல்லும் அல்கோடோன்ஸ் மணல்மேடுகள் நாற்பது மைலுக்கு மேல் நீளமானவை. குறுக்கே 78ஆம் எண் நெடுஞ்சாலை வெட்டிக்கொண்டு போகிறது. சாலைக்குத் தெற்கே நம் ராஜ்யம். வடக்கே சுமார் 26,000 ஏக்கர் வில்டர்னஸ். 1994இல் வந்த கலிபோர்னியப் பாலைவனப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பிரித்து வைத்தது. இரண்டு பக்கமும் ஒரே மணல், ஒரே காற்று. நடுவே இரண்டு வழித் தார்ச்சாலை ஒன்று.

போன பிப்ரவரியில் ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். எங்களுக்கு உடன்குடிப் பக்கம். மணலைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார். "எய்யா, இது நம்ம குதிரமொழித் தேரியில்லா? செவப்புக்குப் பதிலா வெளுத்துக் கெடக்கு. பனையத்தான் காணோம்" என்றார். தெற்குப் பக்கம் சீறும் வண்டிகளைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். பிறகு வடக்கே கையை நீட்டி, "அங்க ஏன் ஒருத்தனும் போவல?" என்று கேட்டார். அங்கே வண்டி விடக்கூடாது, நடந்து போகலாம் என்றேன். "ஒரே மண்ணுதான? யாரு கோடு போட்டா?"

அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. இருவரும் வடக்கே கொஞ்ச தூரம் நடந்தோம். அவருக்கு இடது முழங்கால் சரியில்லை என்பதால் மெதுவாகத்தான். முதல் மேட்டைத் தாண்டியதும் மணலில் எழுத்து எழுதியதுபோல் சாய்வுச் சாய்வாகக் கோடுகள், ஒன்றோடொன்று ஒட்டாமல் வரிசையாக ஏறிப்போயிருந்தன. பக்கவாட்டில் நெளிந்து போகும் சைட்விண்டர் பாம்பின் தடம். அதன் குறுக்கே ஏதோ எலி இரண்டு காலில் தத்திப் போன புள்ளிகள். அப்பா குனிந்து, தொடாமல், இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்று தேடினார். "ராத்திரி நடந்த கத இது" என்றார். பத்து வருஷமாகத் தெற்கே போய்வருகிறேன், அங்கே இப்படி ஒரு தடத்தைப் பார்த்ததே இல்லை. இருந்திருக்கும். நம் டயர் அதன்மேல் போயிருக்கும்.

ரொம்பவும் புனிதப்படுத்த விரும்பவில்லை. அந்தப் பக்கம் நின்றாலும் நம் வண்டிகளின் இரைச்சல் காற்றில் வரத்தான் செய்தது. கிழக்கு ஓரத்தில் யூனியன் பசிபிக் சரக்கு ரயில் ஒன்று பெட்டி பெட்டியாக முடியாமல் போய்க்கொண்டிருந்தது. நிசப்தம் என்று சொன்னால் அது பொய்.

இந்த வில்டர்னஸ் என்ற சொல்லிடம் வருவோம். குழுவில் ஒருவர் "மரமே இல்லாத இடத்தைக் காடுன்னு சொல்றாங்க பாரு" என்று சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார். காடு என்றால் மரம்தான் என்று நமக்கு யார் சொன்னார்கள்? கரிசக்காடு என்கிறோம், அங்கே பருத்திதான் நிற்கும். எங்கள் ஊரில் தேரிக்காடு என்போம், அங்கே செம்மணலும் ஆங்காங்கே பனையும்தான். சுடுகாடு வேறு இருக்கிறது. வீடும் தெருவும் முடிந்த பிறகு இருப்பது காடு. 1964 செப்டம்பர் 3 அன்று ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட வில்டர்னஸ் சட்டம் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான்: மனிதன் வந்து போகிறவன், தங்குகிறவன் அல்லன். சட்டத்தை எழுதிய ஹோவர்ட் சானிசர் அறுபதுக்கும் மேற்பட்ட தடவை திருத்தி எழுதி, அது நிறைவேறச் சில மாதங்களே இருக்கையில் இறந்துபோனார். அந்த நிலத்தைக் குறிக்க அவர் தேடிப்பிடித்த சொல்லுக்கு நேர்த் தமிழ் "தளையற்ற". மாட்டின் முன்னங்காலில் கட்டுகிறோமே, அந்தத் தளை. யாரும் மிதிக்காத நிலம் என்று பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். மிதிக்கலாம், கட்டிப்போடத்தான் கூடாது.

எஞ்சின் கூடாது என்பது நமக்குத் தெரியும். ஆனால் சட்டம் அதோடு நிற்கவில்லை. சைக்கிளும் கூடாது. மோட்டார் ரம்பம் கூடாது என்பதால் வனத்துறை ஆட்களே பாதையில் விழுந்த மரத்தை இரண்டு பேர் இழுக்கும் கைரம்பத்தால் அறுக்கிறார்கள். குதிரை போகலாம். சக்கர நாற்காலி போகலாம். 1990இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் அதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது.

இப்போது நீங்கள் அனுப்பிய கடிதம். இரண்டு இடத்தில் எனக்கு இடிக்கிறது.

முதல் இடி, முகவரி. வில்டர்னஸ் வேண்டாம் என்று பி.எல்.எம்.மிடம் கெஞ்சுகிறோம். வில்டர்னஸ் என்று நிரந்தரக் கோடு போடும் அதிகாரம் பி.எல்.எம்.முக்கே கிடையாது. அது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் வேலை. இரண்டு அவைகளிலும் நிறைவேறி, ஜனாதிபதி கையெழுத்திட்டால்தான் உண்டு. அப்பா கேட்ட கேள்விக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அதுதான். பி.எல்.எம். போடுவது வண்டித்தடத் திட்டம்: ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு எண், எந்தத் தடம் திறந்திருக்கும், எது யாருக்கு மட்டும், எது மூடப்படும் என்ற பட்டியல். ரேஷன் கடை வரிசையில் நின்று பாஸ்போர்ட் கேட்பதுபோல் ஆகிவிட்டது நம் கடிதம்.

இரண்டாவது, "எல்லாவற்றையும் பூட்டுகிறார்கள்" என்ற வரி. பி.எல்.எம். கையில் நாடு முழுக்க 24.5 கோடி ஏக்கர் அளவுக்கு நிலம் இருக்கிறது. அதில் வில்டர்னஸ் ஏறக்குறைய ஒரு கோடி ஏக்கர். எல்லாத் துறைகளையும் சேர்த்தால் வில்டர்னஸ் 11 கோடி ஏக்கரைத் தாண்டும், ஆனால் அதில் பாதி அலாஸ்காவில். கலிபோர்னியப் பாலைவனத்தில் பங்கு அதிகம் என்பதை மறுக்கவில்லை. 1994 சட்டம் ஒன்றே இங்கே பி.எல்.எம். நிலத்தில் 69 வில்டர்னஸ்களை ஒரே வீச்சில் உண்டாக்கியது. அதற்கு முன் தாத்தா காலத்திலிருந்து ஓட்டிய தடங்களை இழந்த குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் நாம் அந்தக் குடும்பங்கள் இல்லை. 2000க்குப் பிறகு விசாவில் வந்து இறங்கியவர்கள். நாம் வரும்போதே அந்தக் கோடு இருந்தது.

2019 மார்ச்சில் வந்த டிங்கெல் சட்டத்தைக் கடிதம் எழுதியவர் படித்திருந்தால் தொனி மாறியிருக்கும். அந்த ஒரே சட்டம்தான் இந்தப் பாலைவனத்தில் சுமார் 3,75,000 ஏக்கரைப் புதிதாக வில்டர்னஸ் ஆக்கியது. எல் மிராஜ், ஸ்டாடர்ட் வேலி, ஸ்பேங்ளர் ஹில்ஸ், ரேசர், டுமான்ட் டியூன்ஸ் போன்ற வண்டி மைதானங்களை, இனி எந்த அதிகாரியும் நினைத்தபோது மூட முடியாதபடி, சட்டத்தில் ஏற்றியதும் அதுவே. நடப்பவர்களும் ஓட்டுபவர்களும் வருஷக்கணக்கில் ஒரே மேசையில் உட்கார்ந்து பேரம் பேசி வாங்கியது. இன்னொன்றும் சொல்லவேண்டும். கிங் ஆஃப் தி ஹாமர்ஸ் பந்தயம் நடக்கும் ஜான்சன் வேலியில் வண்டிக்காரர்கள் பெரும் பகுதியை இழந்தது பாலைவன ஆமையைக் காக்கத் துடிக்கும் எந்த ஆமைப் பிரியராலும் இல்லை. ட்வென்டிநைன் பாம்ஸ் மரைன் தளத்தை விரிவாக்க ராணுவம் எடுத்துக்கொண்டது. அப்போது "எங்கள் நிலம்" என்று நம் குழுவில் ஒரு முணுமுணுப்பும் கேட்டதாக ஞாபகம் இல்லை.

உங்கள் தரப்பில் எனக்குப் பதில் இல்லாத ஒரு வாதம் இருக்கிறது. கடிதத்தில் அது ஒரே வரியாக நான்காவது பத்தியில் புதைந்து கிடக்கிறது: நடக்க முடியாதவர்கள் என்ன செய்வது? அன்றைக்கு வடக்கே அப்பாவால் இரண்டு மேட்டுக்கு மேல் முடியவில்லை. மணலில் உட்கார்ந்துவிட்டார். சக்கர நாற்காலிக்கு அனுமதி என்று சட்டம் சொல்கிறதே தவிர, அந்த மணலில் அதைத் தள்ளிப் பார்த்தவர்கள் யாரும் அப்படிச் சுலபமாகச் சொல்லமாட்டார்கள். முப்பது வயதில் முதுகில் பை மாட்டிக்கொண்டு போகிறவர்கள் "நடந்து போங்களேன்" என்று சொல்லும்போது எனக்கும் எரிச்சல் வருகிறது. அவர்களும் நடைப்பாதை தொடங்கும் இடம்வரை காரில்தான் வருகிறார்கள். தங்கள் கார் நிற்கும் இடத்தில் காலம் உறைந்துவிடவேண்டும் என்பது அவர்கள் ஆசை. என் ஆசை இன்னும் பத்து மைல் தள்ளி. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் இதற்கு வழி இல்லாமல் இல்லை. வில்டர்னஸ் வரைபடங்களைப் பார்த்திருக்கிறீர்களா? நல்ல முழு வட்டமாக ஒன்றும் இருக்காது. ஒரு பழைய சாலை உள்ளே போகிறதென்றால், எல்லைக்கோடு அந்தச் சாலையின் இரு பக்கமும் ஒட்டி உள்ளே போய், கடைசியில் வளைந்து திரும்பி வரும். சாலை வெளியே, சுற்றி எல்லாம் உள்ளே. செர்ரிப் பழத்தின் காம்புபோல் இருப்பதால் செர்ரிக் காம்பு என்றே அதற்குப் பெயர். அப்பாவைப் போன்றவர்களுக்கு நல்ல தடம் ஒன்றைக் காப்பாற்ற அந்தக் காம்பு போதும். அதற்கு "இந்த எண்ணுள்ள தடம், இந்த இடத்தில் முடிகிறது, இதனால் வேண்டும்" என்று யாராவது எழுதிக் கேட்கவேண்டும். பூட்டாதே என்று பொதுவாகக் கத்தினால் காம்பு முளைக்காது.

இனி வருவது வாக்குமூலம். குழுவில் நான்கு பேருக்கு இது தெரியும், மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும். மூன்று வருஷம் முன்பு ஒரு டிசம்பரில், மணல்மேடு அல்ல, கிழக்கே கல் பரவிய சமதரையில், பழுப்புநிற நாரிழைக் கம்பம் ஒன்றில் வண்டிக்கு அனுமதியில்லை என்று ஒட்டியிருந்ததைப் பார்த்தும் பார்க்காததுபோல் இரண்டு ஜீப்பை உள்ளே விட்டோம். அரை மைல் இருக்கும். சூரியன் மறைவதைப் பார்க்க நல்ல இடம் வேண்டும் என்பதற்காக. அந்தத் தரை எப்படிப்பட்டதென்றால், விரல்நுனி அளவுக் கற்கள் கருமை பாய்ந்து, யாரோ கொத்தனார் உட்கார்ந்து பதித்ததுபோல் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடக்கும். அடியில் மாவுபோல் வெளிர்மண். டயர் ஏறினால் கல் புரண்டு வெளுப்பு மேலே வந்துவிடும். நாங்கள் திரும்பும்போது பின்னால் இரண்டு வெள்ளைக் கோடுகள். "அடுத்த மழையில போயிடும்டா" என்று சொன்னது நான்தான்.

போகவில்லை. போன குளிர்காலத்தில் அதே இடத்துக்குப் போனேன். கம்பம் சாய்ந்து கிடந்தது. எங்கள் இரண்டு கோடுகள் இப்போது ஒரு தெரு. குறைந்தது பத்துப் பன்னிரண்டு வண்டிகள் அதன்மேல் போயிருக்கின்றன. கடைசியில் வண்டி திருப்பும் வட்டமும், நடுவே நெருப்பு மூட்டிய கல் வளையமும், நசுங்கிய பியர் டப்பாக்களும். வருகிறவனுக்கு அது ஏற்கெனவே இருக்கிற சாலை. அவனைக் கேட்டால் "எப்பவும் ஓட்டுகிற தடம், இப்போது மூடுகிறார்கள்" என்பான். நம் கடிதத்தில் இருக்கும் வாக்கியம் அதுவேதான்.

மழை அழித்துவிடும் என்று நம்புகிறவர்கள் இதே பாலைவனத்தில் ஜெனரல் பேட்டனின் பயிற்சி முகாம்களைப் போய்ப் பார்க்கலாம். 1942 முதல் 1944 வரை டாங்கிப் படைகளுக்கு இங்கே பயிற்சி நடந்தது. எண்பது வருஷம் ஆகியும் டாங்கித் தடங்கள் சில இடங்களில் இன்னும் தெரிகின்றன. அவர்கள் போருக்குப் போனார்கள். நாங்கள் போனது செல்ஃபிக்கு.

தடங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கு விதி புதிதல்ல. 1972 பிப்ரவரியில் ஜனாதிபதி நிக்சன் போட்ட நிர்வாக ஆணை அது. மண்ணுக்கும் செடிக்கும் சேதம், விலங்குக்குத் தொந்தரவு, மற்ற பொழுதுபோக்காளர்களோடு உரசல், இவை மிகக் குறைவாக இருக்கும்படி தடங்களை வைக்கவேண்டும் என்பது அதன் சாரம். ஐந்து வருஷம் கழித்து கார்ட்டர் அதை இன்னும் இறுக்கினார். ஒருவர் ரிபப்ளிகன், மற்றவர் டெமாக்ரட். இதைக் குழுவில் அடிக்கடி அரசியல் பண்ணுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

விவரத்தோடு போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் மணல்மேட்டிலேயே கதை இருக்கிறது. பியர்சன் மில்க்வெட்ச் என்று ஒரு செடி. அவரை இனம், வெள்ளி பூத்த தண்டு, ஊதாப் பூ. இந்த நாட்டில் அது வாழ்வது அல்கோடோன்ஸ் மணலில்தான். 1998இல் அருகிவரும் செடிகளின் பட்டியலில் ஏறியது. 2000இல் வழக்கு, சமரசம். தெற்கே சுமார் 49,000 ஏக்கர் தற்காலிகமாக மூடப்பட்டது. வண்டிக்காரர் சங்கங்களுக்கு ஆத்திரம். ஆனால் அவர்கள் கத்திவிட்டுப் போகவில்லை. சொந்தக் காசில் தாவரவியலாளர்களை அமர்த்தி, மணலில் இறக்கி, செடியை எண்ண வைத்தார்கள். பல்லாயிரக்கணக்கில் வந்தது. அதை வைத்துப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லி மனுப் போட்டார்கள். மனு தோற்றது. மழைக்காலத்தில் முளைக்கும் நாற்றை மட்டும் வைத்துச் செடியின் பிழைப்பைத் தீர்மானிக்க முடியாது என்பது எனக்கும் சரியாகத்தான் படுகிறது. இருந்தாலும் அந்த எண்ணிக்கை கோப்பில் ஏறியது, மறுத்தவர்கள் அதற்குப் பதில் எழுதவேண்டி வந்தது. 2013 திட்டத்தில் மூடிய இடத்தில் பெரும்பகுதி திரும்பத் திறந்தது, செடியின் முக்கிய வாழிடம் மூடியே இருக்கிறது. அந்தச் சங்கத்துக்காரர்களோடு எனக்கு ஆயிரம் கருத்து வேறுபாடு. ஆனாலும் வெயிலில் குனிந்து செடி எண்ணினார்கள் பாருங்கள், அதற்கு ஒரு கும்பிடு.

நாம் செய்வது அதற்கு நேர்மாறு. இருநூறு பேர் ஒரே வாசகத்தை அனுப்பினால் அலுவலகத்தில் அதை ஒன்றாகக் கட்டி, ஒரே கருத்து என்று எழுதிக்கொள்வார்கள். அங்கே நடப்பது ஓட்டெடுப்பு இல்லை. தட எண் போட்டு, இங்கே ஓடை குறுக்கிடுகிறது, இங்கே திரும்ப இடமில்லை, இங்கிருந்து முதியவர்களுக்கு மலை தெரிகிறது என்று எழுதும் ஒரு ஆளின் கடிதத்துக்குத்தான் தனியாகப் பதில் எழுதவேண்டும்.

நான் எழுதிவிட்டேன். ஒரு பக்கம்தான். மேற்குப் பக்க மேட்டுக்குப் போகும் பழைய கனிமச் சுரங்கச் சாலை திறந்தே இருக்கட்டும் என்று கேட்டிருக்கிறேன். அப்பாவின் முழங்காலைக் காரணமாகச் சொல்லியிருக்கிறேன், வெட்கப்படவில்லை. நாங்கள் போட்ட அந்த அரை மைலை மூடச் சொல்லியிருக்கிறேன். அது சாலை அல்ல, இன்ன வருஷம் இன்ன மாதம் நாங்கள் உண்டாக்கியது என்று தேதியோடு எழுதியிருக்கிறேன். அபராதம் வந்தால் என் பங்கைக் கட்டுகிறேன். கூட வந்தவர்களின் பெயரை எழுதவில்லை, பயப்படவேண்டாம்.

கெடுவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. தட எண்களோடு வரைபடம் என்னிடம் இருக்கிறது. யாருக்காவது எழுதத் தோன்றினால் சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்து உட்காருவோம். திறந்து வைக்கச் சொல்லி எழுதினாலும் சரி, எனக்கு எதிராக எழுதினாலும் சரி. எண் போட்டு எழுதுங்கள்.

அந்தப் பொதுக் கடிதத்தின் கடைசி வரியில் "நாங்கள் அனைவரும்" என்று இருக்கிறது. அதில் ஒருவனைக் கழித்துக்கொள்ளுங்கள். நவம்பர் பயணப் பட்டியலில் மட்டும் என் பெயரை அடித்துவிடாதீர்கள். திரும்பி வரும்போது டயருக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரசர் என்னிடம்தான் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் குழுவின் உடன்குடிக்காரன்